வாரேன் என்றது யார்?

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சாமுவேல் முதலில் பார்த்து வைப்பது திரும்பி ஓடுகிற வழியைத்தான்.

அதைக் கோழைத்தனம் என்றால் அவனுக்குக் கோபம் வரும். அனுபவம் என்பான். துப்பறிய வருவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்க் கேபிள் டிவிக்குப் பணம் வசூல் செய்தவன் அவன். சிங்காநல்லூரிலிருந்து குனியமுத்தூர் வரைக்கும் உள்ள நாய்களில் பாதிக்கு அவன் கெண்டைக்கால் பழக்கம். மீதிப் பாதியும் பழகிக்கொள்ள ஆவலாகத்தான் இருந்தன. அதற்குள் வேலையை விட்டுவிட்டான்.

அப்படிப்பட்டவனை இந்தக் காலனிக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு போன். லைன் சரியில்லை. மறுமுனையில் ஒரு பெண் குரல் நடுங்கிக்கொண்டே, "பக்கத்து ஊட்ல... ராத்திரியானா... கொலை..." என்றது. சாமுவேல் விலாசத்தை வாங்கிக்கொண்டு, தலைகால் புரியாமல் ஓடிப்போய் முதலாளி லோகப்பிரியாவிடம் சொன்னான். காந்திபுரத்தில் ஒரு பேக்கரி மாடியில் இருக்கிறது அவர்களுடைய துப்பறியும் ஆபீஸ். மாப்பிள்ளை குடிக்கிறானா, சொன்ன சம்பளம் நிஜமா என்று விசாரிக்கிற வேலைதான் அங்கே எப்போதும் வரும். கொலை வந்ததில்லை.

காலனிக்கு வந்து ஸ்கூட்டரை நிறுத்திய பிறகு லோகப்பிரியா அதே நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டாள். அப்போதுதான் முழு வாக்கியமும் காதில் விழுந்தது. "பக்கத்து ஊட்ல ராத்திரியானா நாய் கொலைக்குதுங்க."

"நாய் குரைக்கறதைக் கொலைக்குதுன்னுதான் சொல்லுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா அண்ணா? இந்த ஊர்லதான பொறந்தீங்க?"

"நாய்னு காதுல உழுந்திருந்தா நான் கிளம்பியே இருக்க மாட்டேனே அம்மணி."

அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள் லோகப்பிரியா. முதலாளி தொழிலாளியை 'அண்ணா' என்பதும், தொழிலாளி முதலாளியை 'அம்மணி' என்பதும் அந்த ஆபீசின் வழக்கம். சம்பளம் கேட்கும்போது மட்டும் அவன் 'மேடம்' என்பான்.

கதவு திறக்கவே நேரமாயிற்று. உள்ளே தாழ்ப்பாள் ஒவ்வொன்றாக விலகுகிற சத்தம் கேட்டது. கடைசியில் ஒரு நாற்காலியை இழுத்துத் தள்ளுகிற சத்தமும் கேட்டது. பட்டப்பகலில், வெயில் வாசலில் காய்ந்துகொண்டிருக்கும்போது.

திறந்தவர் செவ்வந்தி. பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் மதுக்கரையில் சிமெண்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர், போன வருஷம் போய்விட்டார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. தனியாகத்தான் இருக்கிறார். உள்ளே டிவி, கேட்க ஆளில்லாமல் உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தது. மனுஷச் சத்தம் இருக்கட்டுமே என்று பகலெல்லாம் ஓடவிடுகிறாராம்.

"நாயை ஓட்டறதுக்கு நாங்க எதுக்குங்க?" என்றாள் லோகப்பிரியா. "காலனி சங்கத்துல சொன்னாப் போதாதுங்களா?"

"சங்கத்துல சொல்லி முடிவே பண்ணியாச்சுங்க. நாளைக்குக் காலைல சுப்பையண்ணன் அதை மேட்டுப்பாளையத்துல ஒரு பாக்குத் தோப்புக்கு அனுப்பிச்சுப்போடறாரு. எல்லார்த்துக்கும் நிம்மதி." செவ்வந்தி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "நான் ஒருத்திதானுங்க அது போகக் கூடாதுங்கறேன்."

"தூக்கம் கெடலீங்களா?"

"கெடுதுங்க. ஆனா அது கொலைச்சாத்தானுங்க அவன் வந்தது கனவில்லைன்னு எனக்குத் தெரியுது. நாளைக்கு அதுவும் போயிருச்சுன்னா, அவன் வந்து என்ற கட்டலுக்குப் பக்கத்துல நின்னாலும் தெரியாதுங்களே."

சாமுவேல் சோபாவில் சற்று உள்ளே தள்ளி உட்கார்ந்தான். "அவன்னா யாருங்க?"

"தெரிஞ்சா உங்களை எதுக்குக் கூப்படறேன்?"

பிறகு சொன்னார். சொல்லும்போது குரல் தானாகவே தணிந்தது. படுத்துக் கண் செருகுகிற நேரம். செருப்புச் சத்தம் இருக்காது. மூச்சுச் சத்தம்கூட இருக்காது. படுக்கையறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம், சந்தில் யாரோ நின்றுகொண்டு, காதுக்குள் சொல்வதுபோல ஒரே ஒரு வார்த்தை.

"என்னன்னுங்க?"

"'வாரேன்'ங்கறான். அவ்வளவுதான். அப்பறம் சித்த நேரத்துல நாய் கொலைக்கும்."

சாமுவேலின் முதுகில் இறங்கிக்கொண்டிருந்த வேர்வை ஒரு நொடி நின்று யோசித்தது.

"தெனமுங்களா?"

"ஞாயித்துக்கெழமை மட்டும் இல்லீங்க."

"வாரத்துக்கு ஒருநாள் லீவு விடற பிசாசை இப்பத்தான் கேள்விப்படறேன் அம்மணி," என்றான் சாமுவேல். சிரிக்கத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை, அவன் உட்பட.

செவ்வந்தி போலீசிலும் சொல்லிப் பார்த்துவிட்டார். வந்து பார்த்தார்கள், ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று கேட்டார்கள். எதுவுமே போகவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. திருட வந்தவன் திருடிக்கொண்டு போய்விடுவான். எதையும் தொடாமல் தினமும் 'வாரேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவன் எதற்காக வருகிறான்?

"மககிட்டச் சொன்னீங்களா?" என்றாள் லோகப்பிரியா.

"ரித்திகாகிட்டயா? அவ பொள்ளாச்சியில மாமனார் ஊட்ல இருக்கறா. சொன்னா அவளும் பயந்துக்குவா. தெனம் பொழுதோட வாய்ஸ் மெசேஜ் போடுவா, அதைக் கேட்டுப்போட்டுத்தான் நான் சோறே உங்கறது." டீ கொண்டுவந்து வைத்தார். டம்ளர் பேப்பர் டம்ளர். "தப்பா நெனைக்காதீங்க, கழுவறதுக்குத் தண்ணி இல்லீங்க. இருக்கறது நான் ஒருத்தி. மோட்டாரு போட்டு டேங்க்கை ரொப்புனா, நெனைக்கறதுக்குள்ள தீர்ந்து போயிருது. பிளம்பரு ரெண்டு தடவை வந்து பார்த்துட்டு லீக்கே இல்லீங்கறான்."

லோகப்பிரியா டீயை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். எதையோ கேட்க வந்து, கேட்காமல் குடித்து முடித்தாள்.

"வாங்கண்ணா. நாயைப் பார்த்துட்டு வரலாம்."

"நீங்க பாருங்க. நான் இங்கிருந்தே நெனச்சுக்கறேன்."

பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து, ஓர் இடுப்புயரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சங்கிலியில் நின்றது அது. செம்மண் நிறம், ஒரு காது மடிந்தது. சுப்பையன் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தறிச் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டதால் ஊருக்கே கேட்கிறமாதிரி பேசினார்.

"பேரு மேனேஜருங்க. முப்பது வருஷம் மேனேஜரைப் பார்த்து நான் எந்திரிச்சு நின்னேன். இப்ப என்னையப் பார்த்து மேனேஜர் எந்திரிச்சு நிக்கறான்."

மேனேஜர் சாமுவேலைப் பார்த்தது. சாமுவேல் மேனேஜரைப் பார்த்தான். அடுத்த கணம் நடந்ததை அவன் பிறகு வெகுகாலம் ஆபீசில் சொல்லிக்கொண்டிருந்தான். நாய் வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு சுப்பையனின் வேட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"புது ஆளைக் கண்டா இப்படித்தானுங்க," என்றார் சுப்பையன் வெட்கத்தோடு. "வாயே தொறக்க மாட்டான். போன வருஷம் ஒருத்தன் என்ற ஊட்டு மோட்டாரையே கழட்டிட்டுப் போனான். மேனேஜர் கட்டலுக்குக் கீழ இருந்தான். நான் கட்டலுக்கு மேல இருந்தேன். ரெண்டு பேருமே சத்தம் போடலீங்க."

சாமுவேலுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாயின்மேல் அன்பு வந்தது.

"அப்பறம் ராத்திரியில யாரைப் பார்த்துக் கொலைக்கறானுங்க?" என்று லோகப்பிரியா சுவரில் கைவைத்துக் கேட்டாள்.

"தெரீலீங்களே. கொலைச்சுப்போட்டு, தெருமுக்கையே பார்த்துட்டு அழுவறாப்ல முனகிட்டுக் கெடப்பான். பாவமாத்தான் இருக்குது. அனுப்பறதுக்கு எனக்கு மனசேயில்லீங்க." சுப்பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இருங்க, இவனுக்குக் கடைசியா ஒரு நல்ல பன்னாவது வாங்கியாரேன்."

உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, குடையைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான். மேனேஜர் சங்கிலி தெறிக்கக் குதித்துக் குரைத்தது. இரண்டு குரைப்பு, முடிவில் தொண்டையில் சளி கட்டினமாதிரி ஓர் இருமல். மறுபடி இரண்டு குரைப்பு, ஓர் இருமல். சாமுவேல் லோகப்பிரியாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"உட்காரு மேனேஜர், உட்காருடா. நாங் கிளம்புனா இப்படித்தானுங்க. உட்டுட்டுப் போறன்னு ஆத்திரம்."

குடையோடு அவர் தெருமுக்கில் திரும்பும்வரை நாய் அந்தத் திசையையே பார்த்து முனகிக்கொண்டிருந்தது.

லோகப்பிரியா சந்திலேயே நின்றாள். பொழுது இறங்கத் தொடங்கியிருந்தது. படுக்கையறை ஜன்னல் அவள் தோளுக்கு நேரே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"சாமுண்ணா, நீங்க ஒருத்தர் ஊட்டுக்கு வர்றப்ப என்ன சொல்லுவீங்க?"

"'ஏனுங்க, நாய் கட்டியிருக்குதுங்களா'ம்பேன்."

"போறப்ப?"

"'வாரனுங்க'ம்..." சாமுவேல் வாயைத் திறந்தபடி நின்றான்.

"போறேன்னு நம்மூர்ல யாராச்சும் சொல்லுவாங்களா? சொன்னா வாயிலயே அடிப்பாங்க. வர்றவன் 'வாரேன்'னு சொல்ல மாட்டான் அண்ணா. அந்தம்மா இத்தனை நாளா பயத்துல அதை மாத்திக் கேட்டிருக்காங்க. ராத்திரி இந்த ஜன்னல்கிட்ட நிக்கறவன் வந்துட்டிருக்கலை. கிளம்பிட்டிருக்கறான்."

"சரி. நல்லதுதானுங்களே, போகட்டும் உடுங்க."

"போகோணும்னா, மொதல்ல எங்கயோ இருந்திருக்கோணுமில்ல?"

சாமுவேலுக்கு அது புரிய ஒரு நொடி ஆனது. புரிந்தபோது புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவன் மெதுவாக நிமிர்ந்து மேலே பார்த்தான். மாடி. ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. உள்பக்கம் கம்பளியோ சாக்கோ தொங்கவிட்டிருந்தது.

"தனியா ஒருத்தி இருக்கற ஊட்ல டேங்க் தண்ணி எப்படித் தீருது?" என்றாள் லோகப்பிரியா தணிந்த குரலில். "திருட வந்தவன் எவனாவது குளிச்சுட்டு இருப்பானுங்களா? அந்தம்மா மூணு தாழ்ப்பாள் போட்டு, நாற்காலி முட்டுக் குடுத்து, வெளிய இருக்கறவனைத் தடுத்துட்டு இருக்காங்க."

"ஆளு தலைக்கு மேல."

"ஆமாங்கண்ணா."

"நான் போய் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தி வெக்கட்டுங்களா? போறதுக்குத் தோதா."

உள்ளே வந்து மாடிச் சாவி கேட்டதும் செவ்வந்தியின் முகம் வெளிறியது. மாடிப்படி பொடக்காளிப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கணவர் போனபிறகு அவர் ஏறவே இல்லை. முட்டி வலி ஒரு காரணம். கணவரின் சட்டைகள் இன்னும் கொடியில் தொங்குவது இன்னொன்று. கொத்திலிருந்து சாவியைக் கழற்ற முயன்றார்.

அப்போது அவருடைய போன் சிணுங்கியது. ரித்திகாவின் மெசேஜ். பழக்க தோஷத்தில் அழுத்திவிட்டார்.

"அம்மா, சாப்பிட்டீங்களா? முட்டிக்குத் தைலம் போட்டீங்களா? நான் நல்லா இருக்கறனுங்க. இங்க மாமா இப்பத்தான் தோட்டத்துல இருந்து வந்தாரு, அத்தை காப்பி வெக்கறாங்க..."

சாமுவேலின் இரண்டு கால்களும் சோபாமேல் ஏறியிருந்தன. ஏன் ஏறின என்று அவனுக்கே தெரியவில்லை. மூளைக்கு முன்னால் கெண்டைக்காலுக்குத் தெரிந்துவிடுகிற சில சங்கதிகள் உண்டு.

"அண்ணா, என்னாச்சு?"

"அதைத் திருப்பிப் போடுங்க," என்றான் அவன். குரலில் கிண்டல் இல்லை. "பேச்சைக் கேக்காதீங்க, பேச்சுக்குப் பின்னால கேளுங்க."

செவ்வந்தி திருப்பிப் போட்டார். லோகப்பிரியா டிவியை அணைத்தாள். முட்டிக்குத் தைலம் போட்டீங்களா என்பதற்கும் நான் நல்லா இருக்கறனுங்க என்பதற்கும் நடுவே, வெகு தூரத்தில், இரண்டு குரைப்பு. ஓர் இருமல்.

"பொள்ளாச்சியில நாயே இல்லீங்களா?" என்றார் செவ்வந்தி. கேட்கும்போதே அவர் கண்கள் மாறிக்கொண்டிருந்தன.

"இருக்குதுங்க. எனக்குத் தெரியாத நாயா இருக்கலாம். ஆனா..." சாமுவேல் போனைக் கையில் வாங்கிக் காதோடு வைத்து, பிறகு சத்தத்தை முழுக்க ஏற்றி மேசையில் வைத்தான். அத்தை காப்பி வைப்பதற்குப் பின்னால் இருந்து சுப்பையனின் மில் குரல் சின்னதாக, தெளிவாக வந்தது. உட்காரு மேனேஜர், உட்காருடா.

செவ்வந்தி சாவிக்கொத்தோடு எழுந்து பின்பக்கம் நடந்தார்.

படியேறும்போது முன்னால் போவது யார் என்பதில் சாமுவேலுக்குச் சில யோசனைகள் இருந்தன. அவன் அவற்றைச் சொல்வதற்குள் செவ்வந்தி முட்டி வலியை மறந்து ஏறிக்கொண்டிருந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சாவி எதற்கும் பயன்படவில்லை.

"கண்ணு," என்றார் செவ்வந்தி. "ரித்திகா. அம்மா."

உள்ளே ஏதோ கீழே விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு தாழ்ப்பாள்.

இருட்டுக்குள் நின்றது அவள்தான். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, இன்னும் வாராத தலை. கையில் ஒரு பழைய குழாய்த் துண்டை ஓங்கிப் பிடித்திருந்தாள். அம்மாவின் பின்னால் ஓர் ஆம்பளை நிற்பதைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சாமுவேலைப் பார்த்து ஒருவர் பயப்படுவது அவன் அறிந்து இதுவே முதல் தடவை. அவனுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொண்டான்.

"என்னையத் திருப்பி அனுப்பிப்போடாதீங்கம்மா," என்றாள் ரித்திகா.

ஆடிப் பதினெட்டு முடிந்து, தன்னிடம் இருந்த பழைய மாடிச் சாவியோடு வந்தாளாம். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்ட், ஞாயிறு லீவு. தெருமுக்கில் கார் வந்து ஏற்றிக்கொள்ளும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சந்துவழியாகப் போவாள். விடியக்காலம் அம்மா பால் வாங்கப் போகிற நேரத்தில் திரும்பி வந்துவிடுவாள், மேனேஜரும் அப்போது வாக்கிங் போயிருக்கும். சின்ன வயசிலிருந்து அவள் கையால் வர்க்கி பிஸ்கட் தின்று வளர்ந்த நாய். இத்தனை நாள் கழித்து வந்தவள் தடவிக்கூடக் கொடுக்காமல் போகிறாளே என்று அதற்கு ஆத்திரம்.

"அந்த ஜன்னல்ல..." செவ்வந்திக்கு முழுதாகக் கேட்க வரவில்லை.

"உங்ககிட்டச் சொல்லாம நான் எப்பங்மா வெளிய போயிருக்கறேன்? நீங்க தூங்கியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"மாப்பிள்ளை தேடலியா?"

"கதிர்வேலுகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தேன், எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்னு. 'போ, ரெண்டே நாள்ல உங்கம்மாவே கூட்டியாந்து உட்டுட்டுப் போவாங்க'ன்னாரு."

செவ்வந்தி போன பொங்கலுக்கு அப்படித்தான் உட்டுட்டு வந்தார், ஒரு டப்பா பலகாரத்தோடு. இப்போது மகளின் இடது கையைப் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். மணிக்கட்டு எலும்பு சற்றுக் கோணலாகச் சேர்ந்திருந்தது.

"அப்ப நீ கீழ உழுந்துட்டேன்னு சொன்னியே கண்ணு."

"நான் சொல்லலீங்மா." ரித்திகா குழாயைக் கீழே வைத்தாள். "நீங்கதான் எல்லார்த்துகிட்டயும் அப்படிச் சொன்னீங்க."

லோகப்பிரியா மெல்லப் பின்வாங்கி சாமுவேலுக்குப் பக்கத்துப் படியில் வந்து நின்றாள். துப்பறிந்து முடிந்தபிறகு துப்பறிகிறவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இந்த வீட்டில் கீழே ஒருத்தி மாதக்கணக்கில் நடுங்கிக்கொண்டு கிடந்தார், யாரோ ஒருவனுக்குப் பயந்து. மேலே ஒருத்தியும் நடுங்கிக்கொண்டுதான் கிடந்தாள். அவள் பயந்தது கீழே இருந்தவருக்கு. சாமுவேலுக்கு இதில் ஒரு ஜோக் இருப்பது தெரிந்தது. தேடிப் பார்க்க மனம் வரவில்லை.

உள்ளே சுவிட்ச் போடுகிற சத்தம் கேட்டது. மாடி விளக்கு எரிந்தது. பிறகு ஏதோ பிய்கிற சத்தம். தெருப்பக்க ஜன்னலில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த கம்பளியைச் செவ்வந்தி இழுத்துக் கீழே போட்டுவிட்டு, கதவுகளை இரண்டு பக்கமும் தள்ளினார். வெகுநாள் திறக்காத கதவு. கிறீச்சிட்டது காலனி முழுக்கக் கேட்டிருக்கும்.

ரித்திகா, "அம்மா, பார்த்துருவாங்க," என்றாள்.

பார்த்துவிட்டார்கள். எதிர்வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த கோமளா, காலனி சங்கத்தின் செயலாளர், குடத்தோடு நிமிர்ந்தார்.

"ஏனுங் செவ்வந்தியக்கா, மேல லைட் எரியுது? யாருங்க?"

"ரித்திகா வந்திருக்கறா."

"அட, அப்படீங்களா. எத்தனை நாளைக்குங்க?"

கட்டிக்கொடுத்த பெண் தாய் வீட்டுக்கு வந்தால் இந்தப் பக்கத்தில் காப்பிக்கு முன்னால் வருகிற கேள்வி அது. யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. சாமுவேல் படியில் நின்றபடி செவ்வந்தியின் முதுகைப் பார்த்தான்.

"அவகிட்ட நான் கேக்கலீங்க," என்றார் செவ்வந்தி. "கேக்கறதாவும் இல்லீங்க."

சொல்லிவிட்டு அடுத்த ஜன்னலைத் திறக்கப் போனார்.